ஞாயிறு பத்து மணிக்கு, வெள்ளானூரில்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆட்கள் வரப்போக ஆரம்பித்ததும், சூப்பர்வைசர்கள் எல்லாரும் ஆங்கிலம் பேசியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தலை நரைத்த பிறகு, திருமுல்லைவாயிலில் ஒரு மருந்துக்கடை மாடியில் நடக்கும் சனிக்கிழமை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பெஞ்சில் முட்டி இடித்ததைத் தவிர எல்லாம் பிடித்துத்தான் இருந்தது.

அன்றைக்குப் பாடம் எதிர்காலம். பாடம் நடத்தியது என் மகள் வயதுப் பெண். இப்போதுதான் மனதில் தோன்றியது என்றால் 'வில்', முன்பே முடிவு செய்தது என்றால் 'கோயிங் டு', இன்னொருவரிடம் நாள், நேரம் எல்லாம் பேசிவைத்தது என்றால் 'ஐ யாம் மீட்டிங்' என்று போர்டில் மூன்று கட்டம் போட்டாள். எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளானூரில் வாங்கிப்போட்ட மனையில் எப்போது வீடு கட்டுவோம் என்று கேட்டால், "பாக்கலாம்" என்பார். அது எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்க வாய் வரை வந்தது. சின்னப் பெண்ணை எதற்கு வம்பில் மாட்டிவிடுவது என்று அடக்கிக்கொண்டேன்.

வெளியே கிண்டல் செய்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். அவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அடுத்த வருடம் ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். மனையிலோ சீமைக்கருவேலம்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இந்த வயதில் சாமானைத் தூக்கிக்கொண்டு வாடகை வீடு வாடகை வீடாக அலைய என்னால் ஆகாது.

பாடம் முடிந்ததும் இரண்டிரண்டு பேராகப் பேசிப் பழகச் சொன்னாள். எனக்கு ஜோடியாக வந்தவர் பூந்தமல்லியிலிருந்து வரும் கட்டட மேஸ்திரி, ஒரு பாய். உங்களுக்கு எதற்கு ஆங்கிலம் என்று ஒருநாள் கேட்டதற்கு, "ஐடி-க்காரங்க ஊடு கட்டக் கூப்புடுறாங்கக்கா. சண்டைய இங்கிலீஷ்லதான் போடுறாங்க" என்றவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறீர்கள் என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். மேஸ்திரியிடம் வேறு என்ன சொல்வது? பத்து மணிக்கு வெள்ளானூரில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என் மனையில், உங்களைச் சந்திக்கிறேன் என்றேன். அவரும் "யெஸ், ஐ யாம் கமிங்" என்றார். டீச்சர் எங்களுக்காகக் கை தட்டினாள். நான் அதோடு மறந்துபோனேன்.

ஞாயிறு காலை மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"இன்னாக்கா, நான் வந்து நின்னுகினு கீறேன். நீங்க எங்க கீறீங்க?"

"ஐயோ பாய், அது பாடத்துக்குச் சொன்னதுங்க!"

"பாடமோ இன்னாவோ, நாளு, நேரம், எடம் எல்லாம் சொல்ட்டீங்க. வரேன்னு சொல்லிட்டு வராம இருப்பேனா?"

வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார். "யாரு?"

"நம்ம மனையில மேஸ்திரி நிக்கிறார்."

"யாரு வரச் சொன்னா?"

"நான்தான். இங்கிலீஷ்ல சொல்லித் தொலைச்சிட்டேன்."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் நம்மைத் தேடி வந்தவரைத் திருப்பி அனுப்புவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. "பூந்தமல்லியிலேர்ந்து வந்த மனுஷன வெயில்ல நிக்கவைப்பாங்களா?" என்று சட்டையை மாட்டினார். மீனை அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினேன்.

பாதி வழியில் அவராகவே பேசினார். "என்கூட வேலை செஞ்சவரு வீடு பில்லரோட நிக்குது. கையில இருக்கறத எல்லாம் கொட்டிட்டு நாமளும் அப்படி நின்னுட்டா? உன் முகத்த எப்படிப் பாப்பேன்?" அவரைச் சோம்பேறி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மனையில் மேஸ்திரி டேப்பும் கையுமாக நின்றார். "ஒரேயடியா வாணாம் சார். ரெண்டு ரூமு, ஒரு கிச்சன். மொதல்ல குடி வந்துருங்க. மேல அப்பால பாத்துக்கலாம். கிச்சன் எங்க வரணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முள்ளை ஒதுக்கிக்கொண்டு கிழக்கு ஓரமாகப் போய் நின்றார். ஏற்கெனவே பலமுறை அங்கே நின்றவர் போல இருந்தது.

"இங்க. இத்தனை வருஷமா செவுத்தப் பாத்துக்கிட்டேதான் தோசை ஊத்துறா. இங்கயாச்சும் தெருவப் பாத்து ஜன்னல் வைங்க."

முந்தானையால் வியர்வையைத் துடைப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நாலடி அகலம் போதுமா சார்?" என்றார் மேஸ்திரி.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"அஞ்சு" என்றேன்.