சின்னன் கணக்கில் விழுந்த பணம்

உழவர்களுக்கு அரசாங்கம் போடும் உதவித்தொகை வருஷத்துக்கு மூன்று தவணையாக வரும். தவணை நெருங்கினால் கிளியூர் காளியாயி செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டுதான் களை வெட்டப் போவாள். பணம் அவளுக்கு வராது. மிளகு போட்டிருந்த காடு, புருஷன் சின்னன் பேரில் இருந்தது. பணமும் அவன் கணக்கில்தான் விழுந்தது. கணக்குத் தொடங்கியபோது அவனிடம் போன் இல்லை என்று அவள் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். அதனால் மெசேஜ் மட்டும் அவளுக்கு வந்தது.

மிளகுக் கொடியெல்லாம் வாடல் விழுந்து காய்ந்த வருஷம், சின்னன் குடகுப் பக்கம் காப்பிப் பழம் எடுக்கப் போனான். பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்றவன் வரவில்லை. அவளுடைய தம்பி தேடிப் போனபோது, வேறு எஸ்டேட்டுக்கு மாறிவிட்டான் என்றார்கள். எந்த எஸ்டேட் என்று சொல்ல ஆளில்லை.

ஆனால் உதவித்தொகை விழுந்த ஒரு வாரத்துக்குள் சின்னன் கார்டு போட்டு அதை எடுத்துவிடுவான். எந்த ஊரில் எடுத்தான் என்பது மெசேஜில் இருக்கும். மகள் கீர்த்திகா படித்துச் சொல்வாள். ஒரு முறை குஷால்நகர், ஒரு முறை மடிக்கேரி, பிறகு எப்போதும் சோமவார்பேட்டை. காளியாயி ஊர்ப் பெயரை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்ப்பாள். அன்றைக்கு வேலைக்காட்டில் கூட நிற்பவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவாள்.

“ஏனுங்க காளியாயி, மம்பட்டி புடிக்கறது நீங்க, கவர்மெண்ட்டு காசு மட்டும் அவருக்குங்களா?” என்று டீக்கடை செல்வராஜ் சீண்டுவான்.

“அங்க சோறு விக்கற வெலை நமக்கென்னங்க தெரியும்,” என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

இந்த வருஷம், நிலத்துக்காரர் நேரில் வந்து முகம் காட்டிப் பதிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காளியாயி ஏற்காட்டு ஆபீசுக்குப் போனாள். சிவரஞ்சனி என்ற அலுவலர் உட்காரச் சொல்லி, பொறுமையாகத்தான் பேசினார்.

“அவரு வரலைன்னா பணம் நின்னுருங்க்கா. ஆளைக் காணோம்னு போலீஸ்ல எழுதிக் குடுங்க. அப்புறமா காட்டை உங்க பேருக்கு மாத்த வழி பாக்கலாம். மிளகு நாத்துக்கும் மானியம் கெடைக்கும்.”

“காணோம்னு எப்படிங்க மேடம் சொல்றது? போன தவணைகூட சோமவார்பேட்டையில எடுத்திருக்காருங்க.”

சிவரஞ்சனி பதிவேட்டில் சின்னன் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

அடுத்த தவணை ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் விழுந்தது. காளியாயியின் போன் சும்மா கிடந்தது. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். பிறகு ஒருநாள் மாலை மெசேஜ் வந்தது.

“அம்மா, நின்னு போச்சுன்னாங்களே. ரெண்டாயிரம் விழுந்திருக்குதே,” என்றாள் கீர்த்திகா.

“நான்தான் கட்டினேன் கண்ணு. பேங்க்குல.”

“நீ களை வெட்டுன கூலியையா? நம்மள உட்டுட்டுப் போனவருக்கா? இந்த ஊடு நொம்ப ஒழுகாம இருக்குதா, தானம் பண்ண?”

“தானமில்ல சாமி. எடுத்தாருன்னா, ஆளு இருக்காருன்னு தெரியுமில்ல.”

கீர்த்திகா அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. ஒரு வாரம் போனது. அடுத்த வாரமும் போனது. மழை பிடித்துக்கொண்டதில் வேலைக்கும் போகாமல் காளியாயி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கல்லூரிக்குக் கிளம்பும்போதெல்லாம், “ஒருக்கா பாத்துட்டுப் போ கண்ணு,” என்றாள்.

மழை விட்ட சாயங்காலம்தான் மெசேஜ் வந்தது. கீர்த்திகா இரண்டு முறை படித்தாள்.

“எடுத்திருக்காரும்மா. சோமவார்பேட்டைதான். ஆனா ஐநூறுதான் எடுத்திருக்காரு.”

“மீதி?”

“அப்படியே இருக்குது.”

அவன் ஒருநாளும் மீதி வைத்ததில்லை. காளியாயி குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: “அங்கிருந்து நம்மூருக்கு பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும்?”

கீர்த்திகா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். “ஐநூறு இருந்தா வந்துரலாம்மா,” என்றாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

ரோட்டுப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. காளியாயி கரண்டியைக் கையில் பிடித்தபடி, சத்தம் அடங்கும் வரை நின்றாள்.