உப்புப் படாத மரவைகள்

அம்பர்நாத் ஆலையொன்றில் ஆறு நாள் இரும்பு கடைகிற ஆறுமுகநயினாருக்கு, வெள்ளிக்கிழமை வாரலீவு வந்தால் கால் வீட்டில் தங்காது. பம்பாய் சோர் பஜாரிலும் பழைய மராத்தி வீட்டு வாசல்களிலும் மரவை தேடி அலைவார். மரவை என்றால் ஒரே மரத்துண்டில் கடைந்தெடுத்த சமையல் பாத்திரம். கயிறு இழுத்துக் கையால் கடைந்த பழைய உருப்படிதான் அவருக்கு வேண்டும். உள்ளே கட்டைவிரலை ஓட்டினால் உளி போன தடம் தட்டுப்படும். எந்தக் காலத்து ஆளோ, அவனும் நம்ம தொழில்காரன்தானே என்று சிரித்துக்கொள்வார். பிறகு நாக்கை வைத்துப் பார்ப்பார். மாவு பிசைந்ததா, ஊறுகாய் கிடந்ததா என்று மரமே சொல்லிவிடுமாம்.

தாராவியில் பத்துக்குப் பத்து அறை. 1964 ஆடிக்குள் ஏழு மரவைகள் பரண் ஏறிவிட்டன. ஒவ்வொன்றின் பூர்வீகத்தையும் மனைவி சண்முகவடிவிடம் ஒப்பிப்பார். அவள் பாட்டுக்குச் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு திங்கட்கிழமை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "புள்ளையளுக்குக் கால் நீட்ட எடமில்ல. பழைய துணியோட சேத்து பாத்திரக்காரிட்ட போட்டுட்டு ஒரு ஸ்டீல் வாளி வாங்கிருதேன், பாத்துக்கிடுங்க."

"ஏளா, போட்டுராத. ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தன் கை."

அவள் பரணை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் போனாள்.

மறுநாள் ஆடிச் செவ்வாய், ஔவை நோன்பு. உப்பில்லாத கொழுக்கட்டை அவித்துப் பெண்கள் மட்டும் கும்பிட்டுத் தின்பார்கள். ஆண்பிள்ளை பார்க்கவும் கூடாது, என்ன நடந்தது என்று கேட்கவும் கூடாது. வேலை முடிந்து வந்தவரையும் மகன்கள் இருவரையும் சண்முகவடிவு வாசலோடு திருப்பி அனுப்பினாள். மூவரும் திலக் நகரில் சிநேகிதர் தளவாயின் அறையில் படுத்துக்கொண்டார்கள்.

புதன் காலை வந்ததும் முதலில் பரணைப் பார்த்தார். இரண்டே மரவைகள். ஸ்டீல் வாளி எங்கே என்று மூலை மூலையாகத் தேடினார். வாளியைக் காணோம்.

அந்நேரம் அடுத்த வீட்டுப் பேராச்சி பெரிய மரவையைத் துடைத்து, எண்ணெய் தடவிக் கொண்டுவந்தாள். "பத்திரமா இருக்கு அண்ணாச்சி," என்று முந்தானைக்குள் சிரித்தாள். பின்னாலேயே முருகம்மாள் ஒன்றோடு வந்தாள். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். எல்லாரும் அதுவரை அவருடைய மரப்பாத்திரங்களைக் கேலி பேசிவந்த பெண்கள்தான்.

கேட்கக் கூடாதே. வாயை மூடிக்கொண்டு, பரணிலேயே நின்றுவிட்ட இரண்டையும் எடுத்துப் பார்த்தார். ஒன்று, சோர் பஜார் வியாபாரி அபுதாஹிர் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் கிடந்தது. மற்றது, கோலி மீனவர் வீட்டில் மீனுக்கு உப்புப் பிசறியது. ஏழில் உப்புப் பட்டவை, உப்பில்லா நோன்பு மாவுக்கு ஆகாதவை, இவை மட்டும்தான். அதை அவர் அவளிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. அத்தனையையும் கேட்டுத்தான் இருந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று ஆலைக்குப் போகிற ரயிலைத் தவறவிட்டதுகூட உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டாவது மரவையைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். ஒளிக்கிற அளவா அது? சண்முகவடிவு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல உப்பு பட்டிருக்கா?"

"இல்லளா."

"அப்ப கைக்கு எட்டுத மாதிரி வைங்க," என்றாள்.