இரண்டு வாளிப் பால்

ஊசிமலைத் தோட்டத்துக்கு எதிராக ஆட வருபவர்கள் முதலில் இருசம்மாளிடம் திட்டு வாங்குவார்கள், பிறகுதான் கோல் வாங்குவார்கள். நியாலாஸ் பக்கத்தில் அவள் குரலை அறியாத தோட்டம் இல்லை. ஒருமுறை புக்கிட் ரம்பாயில் தப்பாக ஊதிவிட்டார் என்று நடுவரை ரப்பர் பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பால் அடித்தாள். அந்தக் கலவரத்தில் அவளுக்கு ஒரு முன்பல் போனது, நடுவருக்கு இரண்டு.

அவள் கணவன் வீரமுத்து எங்கள் தோட்டத்து கோல்கீப்பர். என் தகப்பனார் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்தார். ஆறு வருஷம் கொழும்பு, சென்னை, ரங்கூன் என்று சுற்றிவிட்டு 1936இல் நான் திரும்பி வந்தபோது, வீரமுத்துவின் தலைமுடியில் பாதி நரைத்திருந்தது. இருசம்மாளின் குரல் மட்டும் அப்படியே இருந்தது. அவர்கள் வீட்டுச் சண்டையும் அப்படியே இருந்தது.

அந்தச் சண்டையைச் சொல்வதற்கு முன் கனகரட்ணத்தைச் சொல்ல வேண்டும். அவர் பெரிய கிராணி. பகலில் ஆபீசில் கூலிக் கணக்கு, மாலையில் பந்தாட்ட டீமுக்கு மேனேஜர். ஐந்து வருஷத்தில் மூன்று ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். தோற்றால் பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்திக் கெண்டைக்காலில் பிரம்பால் விளாசுவார். அந்தத் தழும்புகளை ஆண்கள் வேட்டியைத் தூக்கிக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். ஆட்ட நாளில் ஆட்டக்காரர்கள் தங்கள் ரப்பர் மர வரிசையில் பாதி நிரை வெட்டினால் போதும். மீதிப் பாதியை அவரவர் வீட்டுப் பெண்கள் தங்கள் நிரையோடு சேர்த்து வெட்டிப் பால் எடுக்க வேண்டும். அது அவர் வைத்த சட்டம்.

1929இல் இருசம்மாளுக்கு ஏழு மாதம். ஷீல்டு இறுதி ஆட்டத்தன்று வீரமுத்துவின் பாதியையும் வெட்டிவிட்டு, காண்டாக் கம்பின் இரு முனையிலும் ரப்பர் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, மலைச் சரிவில் இறங்கியவள் வழுக்கி விழுந்தாள். பக்கத்து நிரையில் இருந்த காளியம்மா அவளை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திடலுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் நான் நின்றிருந்தேன். அப்போது எனக்குப் பதினாலு வயது. அப்பாவின் இரண்டு கைகளும் முழங்கை வரை சிவந்திருந்தன. குழந்தையைச் சாக்குத் துணியில் சுற்றி வைத்தார்கள்.

வீரமுத்து இரண்டு மணி நேரம் கழித்து வந்தான். கடைசி நிமிடப் பெனால்டியைப் பிடித்திருந்தான். இரண்டு விரல் ஒடிந்திருந்தது. கழுத்தில் மாலை அப்படியே கிடந்தது. ஆட்டம் முடிந்த பிறகுதான் செய்தி வந்தது என்று கிராணி சொன்னாராம். இல்லை, ஆட்டத்துக்கு முன்னாலேயே காளியம்மா போய்ச் சொல்லியிருப்பாள் என்றாள் இருசம்மாள். காளியம்மாவைக் கேட்கலாம் என்று இருசம்மாள் எழுந்து நடமாடத் தொடங்கும் முன்பே ரப்பர் விலை விழுந்தது. வேலை போய் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் முதல் கூட்டத்திலேயே காளியம்மா கப்பல் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு இருசம்மாள் அதைச் சொல்லும்போதெல்லாம் வீரமுத்து அடித்தான். அடி வாங்கிவிட்டு மறுபடியும் சொன்னாள். சில நாள் விறகுக் கட்டையால் திருப்பி அடித்தாள். இருவர் காயத்துக்கும் அப்பாதான் மருந்து போட்டார்.

நான் திரும்பி வந்த வாரம் எங்கள் டீம் ஜாசினில் ஆறு கோல் வாங்கித் தோற்றது. மறுநாள் சிவசாமியின் காப்பிக் கடையில் நிற்க இடமில்லை. டீமின் அப்போதைய மேனேஜர் தம்புசாமிக் கங்காணி மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"கனகரட்ணம் ஐயா இருந்திருந்தா ஆறு கோலு வாங்குவானுங்களா?" என்று சிவசாமி ஆரம்பித்தார். "தோட்டத்துல முந்நூறு பேரு. யாரு எந்த நாளு எத்தன ராத்தல் பாலு குடுத்தான்னு சீட்டப் பாக்காம சொல்வாரு. அந்த மண்டை யாருக்கு வரும்?"

"மண்டையாவது மண்ணாவது," என்றார் தம்புசாமி. "பெரம்ப வெச்சி அடிச்சா எருமகூடத்தான் ஓடும்லா."

"உங்க எருமைங்க ஓடவே இல்லியே கங்காணி!"

கடை சிரித்தது. தம்புசாமி காப்பிக் கோப்பையை வீசினார். அது சிவசாமியின் புருவத்தைக் கிழித்தது. பெஞ்சு கவிழ்ந்தது. யாரோ யாரையோ சுவரில் வைத்து இடித்தார்கள். வீரமுத்து எழுந்து, மடங்காத இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்த கையால் மேசையில் அறைந்தான்.

"அவரு சாமிடா! திடலுக்கு அவரு பேர வெக்கணும். அவர மாதிரி நெஞ்சுல ஈரம் உள்ள மனுசன் உண்டா?"

வாசலில் நின்ற இருசம்மாள் சொன்னாள். "ஈரந்தான். எம் புள்ள ரத்த ஈரம். தெரிஞ்சிக்கிட்டே உன்ன ஆட விட்டவன் அவன்."

எல்லார் முன்னாலும் அவள் கன்னத்தில் அறைந்தான். மறுபடியும் அறைந்தான். நான் கையைப் பிடிக்கப் போனேன். அவள்தான் என்னை ஒதுக்கினாள். உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டு, "அவரு ஒண்ணும் மறக்க மாட்டாரு, இல்ல?" என்று சிவசாமியைப் பார்த்துக் கேட்டாள்.

"மறக்கவே மாட்டாரு, தங்கச்சி," என்றார் அவர், புருவத்தில் துண்டை அழுத்திக்கொண்டு.

திடலுக்குப் பேர் வைப்பதில் சிவசாமி கட்சி வென்றது. 'கனகரட்ணம் திடல்' என்று பலகை எழுதினார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கிளேபாங்கில் இருந்த கிராணியையே திறந்து வைக்கக் கூப்பிட்டார்கள். அன்று பழைய டீமும் புது டீமும் மோதுவதாக ஏற்பாடு. அவர் மரியாதைக்காகப் பழைய சட்டத்தையும் அன்றிலிருந்து மறுபடி கொண்டுவந்தார்கள். ஆட்டக்காரர்களுக்குப் பாதி நிரை.

திறப்பு விழாச் சனிக்கிழமை விடிகாலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் இருசம்மாள் பேர் கொடுத்தாள். தன் நிரையை வெட்டினாள். வீரமுத்துவின் பாதியையும் வெட்டினாள். மங்குகளில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்தாள். தன் பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தாள். அவன் பால் இரண்டு வாளியையும் காண்டாக் கம்பில் மாட்டித் திடலுக்குத் தூக்கி வந்தாள்.

கனகரட்ணம் வெள்ளைச் சப்பாத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. இருசம்மாள் அவர் முன்னால் போய் நின்று இரண்டு வாளியையும் கவிழ்த்தாள். சப்பாத்தும் காற்சட்டை ஓரமும் பாலில் நனைந்தன. கூட்டம் சீறியது. தம்புசாமி அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தார். இன்னொருவன் இடுப்பில் உதைத்தான். மண்டி போட்டபடியே அவள் கேட்டாள்:

"ஐயா, என்ன ஞாபகம் இருக்கா?"

கனகரட்ணம் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். முகத்தில் பெருமை தெரிந்தது.

"நான் ஒண்டையும் மறக்கிறேல்லை. நீ இருசம்மாள், வீரமுத்துவின்ர பெண்சாதி. இருபத்தொன்பதாம் ஆண்டும் இப்பிடித்தான் ரெண்டு வாளி கொட்டினனி. காளியம்மா ஓடி வந்து சொல்லேக்க ஆட்டம் தொடங்க விசிலும் ஊதேல்லை. அண்டைக்கே உனக்கு அரைப்பேர், பாதிக் கூலிதான் போட்டனான்."

தம்புசாமி அவள் கொண்டையை விட்டுப் பின்வாங்கினார். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. சப்பாத்தைத் துடைக்கத் துணி கேட்டார்.

கோல் கம்பத்தடியில் நின்ற வீரமுத்து நடந்து வந்தான். ஓடவில்லை. "விசிலு ஊதலயா, ஐயா?" என்று கேட்டான்.

"உனக்குச் சொல்லியிருந்தா நீ போயிருப்பாய். பிறகு ஆர் பெனால்டி பிடிக்கிறது?"

மடங்காத விரல்களோடு அந்தக் கை அவர் வாயில் இறங்கியது. நாற்காலியோடு விழுந்தார். வீரமுத்து அவர் மார்பில் உட்கார்ந்து குத்தினான். கடைவாய்ப் பல் ஒன்று பாலில் விழுந்தது. ஐயாவையே தொடுகிறான் என்று சிவசாமி கட்சி பாய்ந்தது. தம்புசாமி கட்சி அவர்கள்மேல் பாய்ந்தது. பலகையைப் பிடுங்கி அதாலேயே அடித்துக்கொண்டார்கள். அது இரண்டாகப் பிளந்தது. சிவசாமி மட்டும் அசையாமல் நின்றார். நானும் அப்பாவும் மாலை வரை மண்டைகளைத் தைத்தோம்.

போலீஸ் லாரி ஐந்து மணிக்கு வந்தது. வீரமுத்துவை ஏற்றுவதற்கு முன் இருசம்மாளைப் பார்க்க விட்டார்கள். அவன் கை வீங்கியிருந்தது.

"நீ சொன்னது நெசம், இருசு," என்றான். "அவன் பல்ல ஒடச்சிட்டேன்."

"ஒடச்ச, பாத்தேன்." அவள் உதட்டில் பழைய காயம் மறுபடி திறந்திருந்தது. "அவன் பொய் சொன்னதுக்கு அவன் அடி வாங்கிட்டான். நான் நெசம் சொன்னதுக்கு ஏழு வருசம் அடி வாங்கினேனே, அத யாருக்குக் குடுக்கறது?"

அவன் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறினான். போலீஸ்காரர் லாரிக் கதவைச் சாத்தினார்.

அவனுக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. அவள் பார்க்கப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை டீம் புக்கிட் ரம்பாய்க்குப் புறப்பட்டபோது லாரியில் முதலில் ஏறியவள் இருசம்மாள். அன்று எந்தப் பெண்ணும் எந்த ஆட்டக்காரனின் மரத்தையும் வெட்டவில்லை. முழு நிரை வெட்டிய களைப்பில் எங்கள் ஆட்கள் நாலு கோல் வாங்கினார்கள். நாலுக்கும் அவள் தொண்டை கிழிய எங்கள் ஆட்களையே திட்டினாள்.