கோட் போட்ட சமையல்காரனும் பச்சை வேட்டி கட்டிய நானும்

விண்வெளிக் கப்பலின் கேப்டனை எதிரிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டால், மீட்டுவர யாரை அனுப்புவார்கள்? சமையல்காரனை. நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தமிழ் பேசிக்கொண்டு வந்த ஒரு வெளிநாட்டுத் தொடர் சொன்னது. மற்ற வாரங்களில் ராக்கெட்டும் லேசருமாகப் போகும். ஒரே ஒரு வாரம், உளவாளிப் படங்களைக் கேலி செய்து இந்தக் கதையைப் போட்டார்கள்.

போன மாதம் என் மகள் அதைத் தேடிப் பிடித்து டிவியில் ஓடவிட்டாள். அப்போது நான் திருச்செந்தூருக்கு மாலை போட்டிருந்தேன். இடுப்பில் பச்சை வேட்டி, கழுத்தில் மணி. மீன் கிடையாது, செருப்பு கிடையாது, பொய் கிடையாது. பலசரக்குக் கடை வைத்திருப்பவனுக்கு முதல் இரண்டும் பெரிதில்லை. டிவி பார்க்கலாமா கூடாதா என்று குருசாமி சொல்லவில்லை; நானும் கேட்டுவைக்கவில்லை.

சமையல்காரன் கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக அந்தக் கிரகத்தில் இறங்கினான். அந்தக் கிரகத்திலேயே கோட் போட்ட ஒரே ஆள் அவன்தான். யாருக்கும் தெரியாமல் போகிறானாம்! கைக்கடிகாரத்தில் பேசினான், சுவரோடு சுவராக நடந்தான், வழியில் நின்றவர்களெல்லாம் அவனுக்கு வணக்கம் வைத்தார்கள். வில்லன் இவன் பெயரைக் கேட்டபோது நான்கு பொய்ப் பெயர் சொன்னான், நான்கு தடவையும் மாட்டினான். கடைசியில், "நான் சமையக்காரன். எங்க கேப்டன் சாப்பிட்டு மூணு நாளாச்சு" என்று உண்மையைச் சொன்னான். வில்லன் கேப்டனை விட்டுவிட்டான். அவ்வளவுதான் கதை.

"இதுக்காப்பா அந்தக் காலத்துல வாயப் பொளந்துட்டு இருந்திய?" என்றாள் மகள்.

பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு வரன் வந்தால், பையன் இருக்கும் தெருவுக்கு வீட்டிலிருந்து ஒரு ஆளை அனுப்பி நைசாக விசாரிப்பார்கள். தங்கைக்கு ஏரலிலிருந்து வரன் வந்தபோது அந்த உளவு வேலை எனக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதலில் கண்ணில் பட்ட கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தங்கமான பையன்" என்றார் கடைக்காரர். போதாதா? அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். பத்தரை மணிக்கு டிவியில் சமையல்காரன் கேப்டனை மீட்கப் போகிறான் என்று போன வாரமே காட்டியிருந்தார்களே! அப்பாவிடம், "நாலு எடத்துல விசாரிச்சேன், தங்கமான பையன்" என்றேன்.

தங்கம் காலையிலேயே குடிக்க ஆரம்பிக்கும் என்பது கல்யாணமான பத்தாம் நாள் தெரிந்தது. குடித்தே போய்ச் சேர்ந்தார். தங்கை இப்போது எங்கள் மாடியில் தையல் மிஷினோடு இருக்கிறாள். நான் விசாரித்த லட்சணத்தை இத்தனை வருஷமும் முருகனிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் யாரிடமும் சொல்லமாட்டான் என்ற தைரியம்.

இப்போது என் மகளுக்கு வரன். பையன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், வீடு ஆறுமுகநேரி. விசாரிக்க வேண்டியது மறுபடியும் நான்தான்! என்ன ஒரு அனுபவசாலி!

டிவி பார்த்த மறுநாள் போனேன். வாடகைக்கு வீடு தேடுகிறேன் என்று சொல்வதாகத் திட்டம். பையன் தெருமுனைக் கடையில் போய் நின்றபிறகுதான் இடுப்பைப் பார்த்தேன். பச்சை வேட்டி. கோட் ஒன்றுதான் குறை.

"வாங்க சாமி, யாரப் பாக்கணும்?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"வாடகைக்கு..." என்று தொடங்கினேன். கை தானாக மாலையைத் தொட்டது. அதற்கு மேல் வரவில்லை.

"வாடகைக்கு வீடா, வரன் விசாரிக்கவா?" என்று சிரித்தார். "இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆளு. ஒருத்தர் கரண்டு ஆபீஸுன்னு சொல்லிட்டு வந்தாரு."

"வரன்தான். கிரேன் ஓட்டுத பையன். பொண்ணு என் மக."

"தங்கமான பையன்."

அந்தச் சொல்லை எனக்குத் தெரியாதா? என் கடையில் நின்று கேட்ட எத்தனை பேருக்கு நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! பையன் வீட்டார் நம் வாடிக்கை. வந்து கேட்பவர் யாரோ. தங்கத்துக்கு என்ன பஞ்சம்?

"அண்ணாச்சி, நானும் கடக்காரந்தான்" என்றேன். "நானும் இப்படித்தான் சொல்லுவேன். ஒருத்தர் இப்படிச் சொன்னத நம்பி என் தங்கச்சியக் குடிகாரன்ட்ட குடுத்துட்டோம். இது எம்புள்ள. மாலையோட நிக்கேன், உண்மையச் சொல்லுங்க."

அண்ணாச்சி எடை போட்டுக்கொண்டிருந்த பருப்பை அப்படியே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"குடி கெடயாது. அத நான் கற்பூரம் அடிச்சுச் சொல்லுவேன். ஆனா கோவம் வரும் சாமி. போன பொங்கலுக்குத் தம்பிகூடச் சண்ட, டிவியத் தூக்கித் தெருவுல போட்டான். மறுநாள் அவனே அழுதுட்டுப் புதுசு வாங்கிட்டு வந்தான். இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

நான் அதோடு பஸ் ஏறவில்லை. டீக்கடை, சலூன், பையனின் பக்கத்து வீடு என்று மூன்று இடங்களில், நான் பெண்ணின் அப்பா என்று சொல்லியே கேட்டேன். எல்லா இடத்திலும் அதே குடி இல்லை, அதே டிவி. வீடு திரும்பி ஒன்றையும் மறைக்காமல் மகளிடம் சொன்னேன்.

"நம்பரத் தாங்கப்பா. டிவிய ஏன் போட்டு ஒடச்சான்னு நானே கேக்கேன். பதிலப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று போனோடு உள்ளே போனாள்.

தங்கை வாசலில் நின்றிருந்தாள். "நாலு எடமாண்ணே?" என்றாள்.

விரதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சொல்லிவிட்டேன். ஏரலில் ஒரே கடை, ஒரே கேள்வி, பத்தரை மணி, சமையல்காரன், எல்லாவற்றையும்.



"தெரியும்ணே. எட்டரைக்குப் போனவன் பத்தரைக்குள்ள வந்து டிவியப் போட்டா, நாலு எடத்துல எப்படி விசாரிச்சிருப்ப? அன்னைக்கே கேட்டிருக்கணும். நானும் ஒம்பக்கத்துல உக்காந்து அந்தச் சமையக்காரனப் பாத்து கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டுல்லா இருந்தேன்."

உள்ளே மகளின் குரல் கேட்டது. "இல்லைங்க, நீங்க மொதல்ல அந்த டிவி கதையச் சொல்லுங்க."

தங்கை கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். இரண்டு பேரும் கதவோரம் சுவரோடு சுவராக நின்று கேட்டோம்.