பாலத்தில் மட்டும் பிடிக்கும் பிரேக்

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி லஸ்த்ரி. அவள் சிரிக்க மாட்டாள்.

பின் பிரேக் கீச்சிடுகிறது என்று நகரத்து ஷோரூமில் வண்டியை விட்டிருந்தேன். கம்பெனி ஷோரூமில் ஏமாற்ற மாட்டார்கள் என்பது லஸ்த்ரியின் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. பழைய பிரேக் ஷூவைத் துடைத்து மாட்டிவிட்டு, புதுசு என்று பில் போடுகிறவர்களைப் பார்த்தவன் நான். வண்டியைத் திரும்ப எடுக்கப் போனபோது, சாவியைக் கொடுத்த மெக்கானிக் கியாந்தோ என் முகத்தையே பார்க்கவில்லை. அதை அப்போதே குறித்துக்கொண்டேன்.

எங்கள் ஊருக்கு முன்னால் ஓர் ஆற்றுப் பாலம். ஜாவாவில் நாங்கள் எந்தப் பாலம் ஏறினாலும் இரண்டு ஹார்ன் கொடுப்போம். எதிரே வருகிற ஆளுக்காக அல்ல, கண்ணுக்குத் தெரியாமல் அங்கே குடியிருப்பவர்களிடம் வழிவிடச் சொல்லிக் கேட்பதற்காக. வண்டியை எடுத்துவந்த அன்றும் கொடுத்தேன். பீப்... பீப். பாலத்தின் நடுவில் பின் சக்கரம் இறுகியது. என் கால் பெடலில் இல்லை. பாலம் தாண்டியதும் தானாக விட்டுவிட்டது.

மறுநாளும் அதே இடம். கோபத்தோடு ஷோரூமுக்குப் போனேன். கியாந்தோ சக்கரத்தைக் கழற்றிக் காட்டினான்.

“எல்லாம் புதுசுண்ணே. நீங்க கால பெடல் மேலயே வெச்சு ஓட்டுறீங்களோ?”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வண்டி ஓட்டினவன் நான். எனக்கே பாடமா?”

“கோவிச்சுக்காதீங்க. எந்த எடத்துல பிடிக்குது?”

“ஆத்துப் பாலத்துல.”

அவன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. திருடன்தான் என்று முடிவுகட்டினேன்.

அந்த வாரமே லஸ்த்ரியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர வேண்டியிருந்தது. ஏழு மாதம். வேறு வழியும் இல்லை, வேறு வண்டியும் இல்லை. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும் நேரம். மெதுவாக ஓட்டினேன்.

“ஏங்க, கொஞ்சம் முன்னாடி தள்ளுங்க. எடமே இல்ல.”

நான் சீட்டின் நுனியில்தான் இருந்தேன்.

“வயிறு பெருசாச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?”

“வயித்தச் சொல்லாதீங்க. உங்க முதுகுதான் ஈரமா வந்து இடிக்குது.”

அன்று மழையே பெய்யவில்லை. என் முதுகு காய்ந்துதான் இருந்தது...

பாலம் வந்தது. பீப்... பீப்.

கிரீ...ச்.

பின் சக்கரம் நின்றேவிட்டது. வண்டி கைப்பிடிச் சுவரை நோக்கிச் சறுக்கியது. குழந்தை, குழந்தை என்று மட்டும்தான் மனதில் ஓடியது.

குனிந்து பெடலைப் பார்த்தேன்.

ஒரு கால். ஈரமான வெறுங்கால்.

நான் பூட்ஸ் போட்டிருந்தேன்.

சுவருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. யாராவது இறங்கினால் சீட்டு மேலே எழும்புமே... அப்படி எழும்பியது.

கீழே ஆற்றில்... தொபுக்.

லஸ்த்ரி மெல்லச் சொன்னாள். “இப்ப எடம் இருக்குங்க.”

மறுநாள் கியாந்தோவின் சட்டையைப் பிடிக்கத்தான் போனேன். ஷோரூம் பாதி மூடியிருந்தது. அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

“புளோரஸ் தீவுலேருந்து யோனாஸ்னு ஒரு புது மெக்கானிக்ணே. உங்க வண்டிய ஓட்டிப் பாக்க அவன்தான் எடுத்துட்டுப் போனான். பாலத்துல ஹார்ன் அடிடான்னேன். ஆளில்லாத பாலத்துல யாருக்கு ஹார்ன்னு சிரிச்சான். அப்புறம் ஆளக் காணோம். சொல்லிக்காம ஊருக்குப் போயிட்டான்னு நெனச்சோம். இன்னிக்குக் காலைல பாலத்துக்குக் கீழ... ஒடம்பு கெடச்சுது.”

சட்டையைப் பிடிக்க நீட்டிய கையை இறக்கினேன்.

“அப்போ வண்டியத் திரும்ப யாரு கொண்டாந்தா?”

முதல்முறையாக அவன் என் முகத்தைப் பார்த்தான்.

“சத்தம் கேட்டு வெளிய வந்தேன். யாரும் இல்ல. எஞ்சின் ஓடிட்டிருந்துச்சு, சீட்டு ஈரமா இருந்துச்சு. ஸ்டாண்டு போடல அண்ணே... வண்டி நேரா நின்னுட்டிருந்துச்சு.”