என் பொண்ணு பிடிச்ச பாரை

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை நாட்களில் ஏதாவதொரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கிரீஸ் படிந்த கையோடு இருப்பார். விடுமுறை நாளில் துறைமுகத்து அலைத்தடுப்பின் கடைசிப் பாறையில் தூண்டிலோடு நிற்பார்.

“அங்கயும் கயிறு, இங்கயும் கயிறு. துணி காயப்போட ஒரு கொடிக்கயிறு கட்டித் தாங்கன்னா மட்டும் கை வராது” என்பாள் அக்கா.

“கொடில என்னடி மாட்டும்? உன் நைட்டிதான் மாட்டும்” என்பார் அத்தான்.

அவர் போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரு மீனைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனாலும் நடந்தது அதுவல்ல.

கடல் மீன்களை அவர் மனிதர்களைப் போலத்தான் எடை போடுவார். வஞ்சிரம் மாட்டினால் ரீல் அலறும். தூண்டில் நரம்பை உருவிக்கொண்டு அப்படி ஓடும். ஆனால் அந்த முதல் ஓட்டத்திலேயே பாதி மூச்சு தீர்ந்துவிடும். “மைக் கிடைச்ச ஆளு மாதிரி” என்பார். கொடுவா தண்ணீருக்கு மேலே எம்பி, வாயைப் பிளந்து, தலையை உதறும். வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம், தூண்டில் ராடு பிடித்திருப்பவனுக்குத் திண்டாட்டம்; அந்த உதறலில்தான் தூண்டில் முள் கழன்று போகும். அலைத்தடுப்பில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்குக் கொடுவாமேல்தான் மோகம்.

அத்தானுக்குப் பாரை. அது குதிக்காது. முகமே காட்டாது. மாட்டியதும் நேரே கீழே, பாறை இடுக்கை நோக்கிப் போகும். அகன்ற உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, மொத்தத் தண்ணீரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு இழுக்கும்.

“மத்ததெல்லாம் ஓடும் மச்சான். இது ஒண்ணுதான் மல்லுக்கு நிக்கும். கை வலிக்குதுன்னு நீ நினைக்கிற பாரு, அது அதுக்குத் தெரியும்.”

“கடைல வெட்டியே தராங்க அத்தான். கை வலிக்காது.”

“நீ படிச்சவன். உனக்குப் புரியாது.”

சின்னப் பாரைகளை நிறையப் பிடித்திருக்கிறார். இரண்டு கையாலும் அள்ளித் தூக்க வேண்டிய பாரை ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. பல வருஷங்களில் அப்படிச் சில மாட்டின. எல்லாமே பாறையில் நரம்பை அறுத்துக்கொண்டு போயின. ஒவ்வொரு முறையும் அறுந்த நுனியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருவார்.

பிறகு பக்கவாதம் வந்தது. லேசானதுதான் என்றார்கள். பேச்சுக்கும் காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடது கையில் மட்டும் பிடி போய்விட்டது. ராட்டைத் தாங்குவது இடது கை.

அவருடைய ஒரே மகள் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது அவள் தொழில். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பும், திரும்பி வந்து செருப்பைக் கழற்றிய கையோடும், அப்பாவின் உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அமுக்கச் சொல்வாள்.

“இன்னும் அழுத்துங்கப்பா.”

“அழுத்திட்டுதான் இருக்கேன்.”

“பந்து சிரிக்குதுப்பா உங்களைப் பாத்து.”

“உங்கம்மா கழுத்துன்னு நினைச்சுக்கவா?”

“நினைச்சுக்கங்க, நினைச்சுக்கங்க. யார் சோறு போடறான்னு அப்புறம் பாக்கலாம்” என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

பிடி கொஞ்சம் திரும்பியது. முழுக்கத் திரும்பாது என்று மகளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தக் கை இருக்கும்போதே ஒரு பெரிய பாரையைத் தானே கரையேற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதையும் கேட்கவில்லை. தானும் கூட வருவதாக இருந்தால் போகலாம் என்றாள் மகள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்கள்.

அலைத்தடுப்பில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாரும் மதிப்பார்கள். ஒருவர் ராட்டில் பெரிய மீன் மாட்டினால், பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் நரம்புகளைச் சுருட்டி வழி விட வேண்டும். மீன் கரையருகே வந்ததும் வலையை நீட்டி உதவலாம். ராட்டை மட்டும் இன்னொரு கை தொடக் கூடாது. தொட்டால் அந்த மீன் பிடித்தவன் கணக்கில் சேராது. ‘கத்திரி’ என்று எல்லாரும் கூப்பிடும் முடிதிருத்துபவர் ஒருவர் அங்கே இருந்தார். அத்தானுக்கு நெடுநாள் சிநேகிதர். நாங்கள் போய்ச் சேர்ந்ததுமே மகளிடம் அவர் இதைச் சொன்னார். “உங்கப்பா தண்ணில விழுந்தா அவரைப் பிடி தாயி. ராட்டைப் பிடிச்சிடாதே.” அவள் சிரித்தாள்.

வெயில் ஏறிய பிறகு மாட்டியது. ராடு வளைந்த விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. “பாரை” என்றார், கூப்பிடுகிற மாதிரி. கத்திரியும் மற்றவர்களும் பேச்சை நிறுத்தி, நரம்புகளைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். நான் வலையோடு கீழ்ப்பாறையில் இறங்கினேன்.

வெகுநேரம் போராடினார். அது கீழே இழுக்கும், இவர் ராட்டின் அடியை இடுப்பில் முட்டுக்கொடுத்து மேலே தூக்குவார், கொஞ்சம் சுற்றுவார், அது மறுபடி இழுக்கும். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த முகம். கடைசியில் தண்ணீருக்கடியில் வெள்ளியாக ஏதோ திரும்பியது. வலைக்கு இன்னும் இரண்டு ஆள் தூரம்.

அப்போது இடது கை விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ராடு சரிந்தது. அவர் முழங்கையை மடக்கி அதை மார்போடு சேர்க்கப் பார்த்தார்.

“தொடாதே!” என்று கத்திரி கத்தினார்.

மகளின் இரண்டு கைகளும் ஏற்கெனவே ராட்டில் இருந்தன. யோசித்துச் செய்ததல்ல. ஒருவர் தடுமாறினால் பிடிக்கப் பழகிய கைகள். மீன் வலைக்குள் வந்தது.

யாரும் கை தட்டவில்லை. யாரும் கிட்டே வந்து பார்க்கவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்குப் போய்த் தூண்டிலை மறுபடி கடலில் போட்டார்கள். மகள் என்னைப் பார்த்தாள், பிறகு அப்பாவை. அவர் பாறையில் உட்கார்ந்து இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நீங்க விழுந்துடுவீங்கன்னு…”

“கிளம்பலாம்மா. வெயிலாயிடுச்சு.”

வீட்டு வாசலில் அக்கா வாயைப் பிளந்தாள். “இத்தனை வருஷத்துல இப்பதான் ஒரு மீன் மாதிரி மீன் கொண்டு வந்திருக்கீங்க!”

“நான் எங்க? உன் பொண்ணு பிடிச்சா” என்றார் அத்தான். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. மாடி வீட்டுக்காரர் கேட்டால், “என் பொண்ணு பிடிச்ச பாரை சார், இந்தப் பெரிசு.” டாக்டரிடமும் பழைய கம்பெனி ஆட்களிடமும் அதையே சொன்னார். கேட்டவர்கள் அவள் தோளைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் முகம் சுண்டும். அத்தான் ஒரு நாளும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு நாளும் மறுபடி அலைத்தடுப்புக்குப் போகவுமில்லை. ராடு பரண்மேல் ஏறியது. பந்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், அமுக்க மாட்டார்.

ஒருமுறை கத்திரி வீட்டுக்கே வந்து, “அண்ணே, கடைசில ஒரு நொடிதானே. அது உங்க மீன்தான். நாங்க எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறோம்” என்றார்.

“நீயே இப்படிப் பேசலாமா? வேற ஒருத்தன் ராடா இருந்தா இப்படிச் சொல்லுவியா?” என்றார் அத்தான்.

இரண்டாவது முறை பக்கவாதம் வந்த பிறகு ஆஸ்பத்திரியில் மகள்தான் கூடவே இருந்தாள். நானும் இருந்த ஒரு மத்தியானம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “ஒரு தடவை என்னைத் திட்டிடுங்கப்பா. வாய்க்கு வந்தபடி திட்டுங்க. அப்புறம் விட்டுடலாம்.”

அவருக்கு வார்த்தைகள் குழறின. ஆனாலும் தெளிவாகவே கேட்டது. “எதுக்கும்மா திட்டணும்? பெரிய மீன். நல்லாப் பிடிச்ச.”

அதன்பிறகு அவர் பேசியது தண்ணீர் கேட்க மட்டும்தான்.

இன்று அவருடைய பழைய சூப்பர்வைசர் வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்து அக்காவிடம், “எப்பப் பாத்தாலும் பொண்ணு பிடிச்ச மீனைப் பத்தித்தாம்மா பேச்சு. என்ன ஒரு பெருமை அந்த மனுஷனுக்கு!” என்றார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவளும் அதைத்தான் நம்புகிறாள். மகள் எழுந்து சமையலறைக்குள் போனாள். நான் பின்னாலேயே போனபோது குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தாள்.

“மாமா, நீங்க அங்கதானே இருந்தீங்க. அப்பா பெருமையாதான் சொன்னாரா?”

“ஆமாம்மா. பெருமையாதான்.”

அவள் குழாயை மூடினாள்.

“நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா” என்றாள்.