லாரியில் வந்த மயிலை

லாரியில் ஏற்றிச் சென்ற பந்தய மாட்டை, இறக்கிய கையோடு வண்டியில் பூட்டக் கூடாது. இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், என்னை நம்பிக் கேட்டவனிடம் சொல்லவில்லை. அதனால் விளைந்த பழியையும் அவனுடைய தம்பியின் தலையில் சுமத்தினேன்.

இதுதான் என் குற்றம். சுற்றிவளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் படிக்கலாம். படிக்காமல் எழுந்தும் போகலாம்.

என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்ற கடைக்காரன் நான். நெற்றியில் திருநீறு இல்லாமல் கடை திறந்த நாள் கிடையாது. பிரதோஷம் தவறாமல் திருச்சுழிக் கோயிலுக்குப் போய்ப் பதிகம் பாடுகிறவன். 'அவுக வாயில பொய் வராது' என்று ஊரார் சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று கூசும். கூசினாலும், மறுபடி ஒருமுறை சொல்ல மாட்டார்களா என்றும் இருக்கும்!

எனக்கு இன்னொரு பித்தும் இருந்தது. மாட்டுவண்டிப் பந்தயம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பந்தய மாடும் வண்டியும் வைத்திருந்த நாங்கள் நாலைந்து பேர், ஞாயிறு காலைகளில் காரியாபட்டியில் ஓர் ஆசாரியின் பட்டறையில் கூடுவோம். புதிதாகச் செய்த வண்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அங்கே வேலை. எதன் சக்கரம் இலேசு, எதன் நுகத்தடி மாட்டின் கழுத்தை அறுக்காது, எது திருப்பத்தில் கவிழாது... வண்டிப் பேச்சு முடிந்ததும், வண்டியையும் மாட்டையும் பந்தய ஊருக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது என்ற பேச்சு தொடங்கும். அதற்கு முடிவே கிடையாது.

மனைவியை இழந்தவன் நான், பிள்ளையும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளே எனக்குச் சுற்றம்.

அங்கே என் பக்கத்தில் வந்து உட்காருகிறவன் மாரிச்சாமி. மல்லாங்கிணற்றுக்கு அப்பால் கரிசல் காட்டில் நிலம் வைத்திருந்தான். என்னைவிட எட்டு வயது இளையவன். செந்நிறச் செவலை, சாம்பல் நிற மயிலை என்று அவனுக்கு ஒரு ஜோடி மாடு. செவலை வலப்புறம், மயிலை இடப்புறம். அவனுடைய தம்பி பாண்டிதான் சாரதி. பந்தயத்தில் வண்டியை ஓட்டுகிறவன்.

ஒரு ஞாயிறன்று மாரிச்சாமியின் புது வண்டி பட்டறையில் நின்றது. சக்கரத்தில் பேரிங் வைத்துச் செய்தது. எங்கள் பக்கத்தில் அதுவே முதல்.

"ஒத்த வெரல வச்சுத் தள்ளிப் பாருங்க அண்ணாச்சி," என்றான்.

தள்ளினேன். வாசல்வரை தானாக உருண்டது.

"இதுக்கு எதுக்குப்பா மாடு? நீயே நொகத்தடியில கழுத்தக் குடுத்துரு," என்றார் ஆசாரி.

"அண்ணன் கழுத்த நீட்டட்டும், நான் ஏறி உக்காந்துக்கிறேன். இருவது வருசத்து அடி பாக்கி இருக்குல்ல, எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துருவேன்," என்றான் பாண்டி.

"ஏலே, வீட்டுக்கு வா, ஒனக்கு இருக்கு!" என்று மாரிச்சாமி சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "வண்டிக்குக் கவலையில்ல அண்ணாச்சி. சக்கரத்தக் கழட்டி பஸ்ஸு மேல போட்டுருவேன். போன தடவ கண்டக்டரு, சக்கரத்துக்கு அர டிக்கெட்டு எடுங்கன்னாரு. மாட்டுக்குத்தான் ரோசன. இந்தப் பந்தயத்துக்கு வீரசோழன் ஊரத் தாண்டிப் போகணும். நடத்திக் கூட்டிட்டுப் போனா ரெண்டு நாளு, மாடு எளச்சிரும். டிராக்டர்ல ஏத்துனா குலுக்கி எடுத்துரும். லாரில அன்னைக்குக் காலையில கொண்டுபோயி எறக்கிப் பூட்டிரலாமான்னு பாக்குறேன். நீங்கதான போன வருசம் லாரில கொண்டு போனீக... எப்பிடி?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

எப்படி என்று எனக்குத் தெரியும். லாரி ஆடும்போது மாடு விழாமல் நிற்பதற்கே தன் வலு முழுவதையும் செலவிடுகிறது. பின்னங்கால்கள் இறுகிப்போகின்றன. இறக்கிய பின் அரைநாளாவது படுக்கவிட்டு, மெல்ல நடத்திக் காலை இளகச் செய்த பிறகே பூட்ட வேண்டும். என் ஜோடி சென்ற ஆண்டு கடைசியாக வந்தது இதனால்தான். நானோ, மாட்டுக்குத் தண்ணீர் சேரவில்லை என்று பட்டறையில் சொல்லி வைத்திருந்தேன். எனக்குத் தெரியாத ஒன்றும் உண்டு என்று யாரும் அறியக் கூடாதே!

"லாரிதான் நல்லது," என்றேன். "காலையில ஏத்து, எறக்கு, பூட்டு. மாடு களைக்காது."

ஏன் சொன்னேன்? எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். அன்று அத்தனை பேரும் அவனுடைய வண்டியைச் சூழ்ந்து நின்றார்கள். என் வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. அதை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு அற்பமான காரணம்! அவன் ஒருமுறை தோற்க வேண்டும், நான் தோற்றதைப் போலத் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். மாட்டுக்குத் தீங்கு வர நினைக்கவில்லை... இதை எழுதும்போதே கை தயங்குகிறது. நினைக்கவில்லையா? நினைக்காமல் இருந்துகொண்டேனா?

அந்தப் பந்தயத்தில் என் மாடுகளை நான் ஓட விடவில்லை. பார்க்க மட்டும் போயிருந்தேன். ஒன்பது மணி வெயிலில் மாரிச்சாமியின் மாடுகளோடு லாரி வந்து நின்றது. மண்மேட்டில் பின்பக்கத்தை அணைத்து மாடுகளை இறக்கினார்கள். செவலை இறங்கி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. மயிலை இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டது. அதன் பின்னங்கால்களில், தொடைக்குக் கீழே, ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

பாண்டி அதைப் பார்த்துவிட்டான். "அண்ணே, காலு நடுங்குதே! கொஞ்சம் நடத்திக் கூட்டியாரட்டுமா? பூட்டணும்னா அடுத்த செட்டுல பூட்டுவோம்."

"பேரு கூப்பிட்டாச்சுடா. அண்ணாச்சிகிட்டக் கேளு," என்றான் மாரிச்சாமி.

பாண்டி என்னைப் பார்த்தான். அந்த ஒரு கணம் எனக்காகத்தான் அருளப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது. திருத்திக்கொள்ள இறைவன் நீட்டிய கை அது... நான் பற்றவில்லை!

"புது எடம், மெரளுது. ஓடுனா சரியாயிரும்," என்றேன்.

பூட்டினார்கள். எல்லைவரை ஓடி, அங்கே கொடியை வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். நான் எல்லைக்கருகில்தான் நின்றிருந்தேன். புது வண்டி முதலாவதாக வந்தது. புழுதிக்கு முன்னால் அது வந்த வேகத்தை என்னவென்பேன்! திருப்பத்தில் பாண்டி கயிற்றைப் பிடித்தான். செவலை வளைந்தது. மயிலையின் பின்னங்கால் மடங்கியது. மாடு விழுந்தது, வண்டி அதன்மேல் சாய்ந்தது.

எலும்பு முறிந்த ஓசையை நான் கேட்டேன். இன்றும் பக்கத்தில் யாரேனும் விறகு முறித்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

மாட்டு டாக்டர் வந்து பார்த்துத் தலையை அசைத்தார். மூன்றாம் நாள் மயிலை அடங்கியது. மாரிச்சாமி தன் நிலத்திலேயே அதைப் புதைத்தான். நானும் போயிருந்தேன். அண்ணனும் தம்பியும் குழியின் இரு கரையில் நின்றார்கள்.

"கயித்த வெடுக்குனு இழுத்துட்ட. ஒன் கைதாண்டா அதக் கொன்னுச்சு," என்றான் மாரிச்சாமி.

"நான் இழுக்கல அண்ணே! லாரில வந்த காலு அது. எறங்கும்போதே நடுங்குச்சு. நீயும் பாத்தீல்ல?"

மாரிச்சாமி என் பக்கம் திரும்பினான். அழுது வீங்கிய முகம். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. எல்லையிலதான நின்னீக. லாரியாலயா, இவன் கையாலயா? நீங்க சொல்றதுதான் எனக்கு."

லாரி என்று சொன்னால், யார் சொல்லி லாரியில் ஏற்றினான் என்ற கேள்வி வரும்.

"கை கொஞ்சம் முந்திருச்சு," என்றேன்.

நான்கு சொற்கள்கூட இல்லை. பாண்டி என்னை வெறித்துப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டான். அந்த வாரமே திருப்பூருக்கு பஸ் ஏறினான். பனியன் கம்பெனி வேலைக்கு. அண்ணன் கூப்பிடவில்லை, தம்பி வரவுமில்லை.

மாரிச்சாமி அதன்பின் பட்டறைப் பக்கம் வரவில்லை. புது வண்டியின் சக்கரங்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தான். செவலைக்கு வேறு ஜோடியும் சேர்க்கவில்லை. அந்த மாடு கொட்டிலில் இடப்புறத்தைக் காலியாக விட்டே நிற்கும். அகலமான கொட்டில்தான், நடுவில் வந்து நிற்கலாம். வராது.

நானும் என் மாடுகளை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மூடியிருக்கும். பேச ஆள் இருக்காது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். யாராவது வந்தால் திருநீறு வாங்க வருவார்கள். பதிகத்துக்குப் பொருள் கேட்க வருவார்கள். கொடுத்து அனுப்புவேன்.

நான் பாடும் பதிகங்களில் எம்பெருமான் விடையேறி வருகிறான். எந்தப் பாட்டை எடுத்தாலும் ஒரு விடை வந்து நிற்கிறது! என் நாக்கு அதைத் துதிக்கும். என் கண் மடங்கிய காலைப் பார்க்கும். கோயிலில் எல்லோரும் நந்தியின் காதில் வாய் வைத்துத் தம் குறையைச் சொல்கிறார்கள். நான் சொன்னதில்லை. ஒருமுறை குனிந்தேன். கல்லின் குளிர்ச்சி உதட்டில் பட்டதும் நிமிர்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாரிச்சாமி படுக்கையில் விழுந்தான். பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். எலும்பும் தோலுமான கை.

"இப்பவும் கேக்குறேன் அண்ணாச்சி... பய கையில குத்தம் இருந்துச்சா? இல்லேன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீகன்னா, ஆளு விட்டுக் கூப்புட்டுருவேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பழச விடு மாரி. சிவனை நெனச்சுக்கோ," என்றேன்.

இறைவன் பெயரை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று அதை ஒரு கதவைப் போல இழுத்துச் சாத்தினேன்! நான்கு நாளில் அவன் போய்விட்டான்.

செய்தி தாமதமாகக் கிடைத்ததால் பாண்டி பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தான். மறுநாள் பிரதோஷம். மாலை நடை திறந்ததுமே திருச்சுழிக் கோயிலுக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தான். தலை நரைத்திருந்தது. நந்திக்கு அருகில் தூண் நிழலில் உட்கார்ந்தோம்.

"அண்ணன் கடைசியில என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒன்னையக் கேட்டுக்கிட்டேதான் இருந்தான்," என்றேன். அது பொய்யில்லை. உண்மையின் ஓரத்தைக் கிள்ளிக் கொடுத்தேன்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ரொம்ப நாளு ஒங்க மேல கோவமா இருந்தேன் அண்ணாச்சி. லாரிதான் காரணம்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சேன். அப்பறம் நெனச்சுப் பாத்தேன். நீங்க பொய் சொல்றவுக இல்ல. என் கைதான் இழுத்திருக்கு. எனக்குத்தான் தெரியல." எழுந்து என் காலில் விழுந்தான். "பாவம் போகட்டும். ஒங்க கையால துன்னூறு பூசிவிடுங்க."

மடியில் திருநீற்றுச் சம்புடம் இருந்தது. திறந்தேன். அவன் கண்ணை மூடித் தலையைத் தாழ்த்தி நின்றான், நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுப்பதுபோல.

பூசினேன். என் பாவத்துக்கான நீற்றை, அதைச் செய்யாதவன் நெற்றியில், மூன்று விரலால், நடுங்காமல் பூசினேன்!

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன் அண்ணாச்சி," என்று திருப்பூர் விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். வாசலைத் தாண்டும்போது அவன் நடை இலேசாகியிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தத் தாள் சம்புடத்தில், நீற்றுக்கடியில் இருக்கிறது. தினமும் விரலில் தட்டுப்படுகிறது.

முகம் தெரியாத உங்களுக்கு இவ்வளவையும் எழுதிவிட்டேன். எவ்வளவு எளிதாக வந்தது, பாருங்கள்! அவனுக்கு எழுத ஓர் இன்லண்ட் கவர் வாங்கி வைத்திருக்கிறேன். 'சிரஞ்சீவி பாண்டிக்கு' என்று தொடங்கியிருக்கிறேன். அதற்குக் கீழே இன்றுவரை ஒரு வரியும் இல்லை.